காரைக்குடியில் கிழக்காசியப் போர்நினைவு பற்றிப் பொதுச் சொற்பொழிவு நடத்துவது எப்படி?

முதல் வேலை தலைப்பைக் குறுக்குவது. ‘கிழக்காசியா: வரலாறும் பண்பாடும்’ என்று அழைப்பிதழ் அடித்தால் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டி ஆள் வராது. பேச்சாளரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானின் மெய்ஜி காலத்தில் தொடங்கி ஹிரோஷிமாவுக்கு வருவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். ஒரு தேதியையோ ஒரு வழக்கையோ பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் ஆகஸ்ட் 15 இறந்தோரை நினைக்கும் நாள், கொரியாவில் அதே தேதி விடுதலை நாள், சீனாவில் வெற்றி நாள் செப்டம்பர் 3. ஏன் இப்படிப் பிரிந்தது என்ற ஒரே கேள்வி ஒரு மாலைக்குப் போதும். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையும் நல்ல தலைப்பு. 1948-இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்று தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி ராதாபினோத் பால் இந்தியர் என்பதால் இங்கே ஆர்வம் இருக்கும். ஆனால் அட்டூழியங்கள் நடக்கவே இல்லை என்று பால் சொல்லவில்லை. விசாரணையின் சட்ட அடிப்படையைத்தான் மறுத்தார். இதைப் பேச்சாளர் விளக்காமல் விட்டால் சபை தவறான சேதியோடு வீட்டுக்குப் போகும்.

செட்டிநாட்டில் இந்தப் போர் அயலார் கதை இல்லை. ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. சிங்கப்பூர் வீழ்ந்தது 1942 பிப்ரவரி 15. அந்த இரண்டு ஊர்களிலும் பெட்டியடி (வட்டிக்கடை) வைத்திருந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பேச்சாளர் கொண்டுவரும் வரலாற்றை இந்த வீடுகளில் இருக்கும் காகிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுதான் நம் ஊர்க் கூட்டத்துக்குத் தனி மதிப்பு. அதனால் ஆறு வாரம் முன்பே அப்படிப் பழைய விலாசக்காரர் (தொழில் நிறுவனம் நடத்தியவர்) வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு மட்டும் அனுப்பினால் பெரியவர்கள் அசைய மாட்டார்கள்.

நாள் குறிக்கும்போது முகூர்த்த நாளைத் தவிருங்கள். மண்டபமும் கிடைக்காது, ஒலிபெருக்கிச் சத்தமும் விடாது. நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு அன்றும் வைக்க வேண்டாம். படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கோயில் திருவிழாவுக்கும் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் குடும்பங்கள் ஊருக்கு வந்திருக்கும்போது, அதற்கு முந்திய நாளோ அடுத்த நாளோ வைப்பது நல்லது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இடம் பேருந்து நிறுத்தத்துக்கு அருகில், தரைத்தளத்தில் இருக்கட்டும். மாலை 5.30-க்குத் தொடங்கி 7.30-க்கு முடித்துவிட்டால் பள்ளத்தூர், கண்டனூர்க்காரர்கள் டவுன் பஸ் பிடித்துப் போய்விடலாம். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வரும் பேச்சாளர் இரவில்தான் வந்துசேருவார், ஆகவே முந்திய நாளே அழைத்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்: வரவேற்பும் அறிமுகமும் சேர்த்து 10 நிமிடம், பேச்சு 45, வீட்டுக் காகிதங்களை வைத்த காட்சி மேசையைப் பார்க்க 20, கேள்வியும் நினைவுகளும் 40, மிச்சம் 5 நன்றிக்கு. தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என்று வரிசை கட்டினால் முதல் 40 நிமிடம் அதிலேயே கரைந்து, வெட்டுப்படுவது கேள்வி நேரமாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் மேசைக்கு அருகில் முன்வரிசையில் உட்காரவைத்து, முதல் கேள்வியை அவர்களிடம் கொடுங்கள். ஆங்கிலத்தில் பேசுபவருக்கு வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிக்கும். அப்போது பேச்சாளருக்குச் சொல்ல வேண்டிய அளவு 22 நிமிடம்தான், 45 இல்லை. மொழிபெயர்ப்பாளர் கையில் பெயர்ப்பட்டியல் மூன்று நாள் முன்பே இருக்கட்டும். சீன, ஜப்பானிய, கொரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ‘மிஸ்டர்’ எதோடு சேரும் என்பதில் தடுமாற்றம் வரக் கூடாது.

திரையில் காட்டும் பக்கங்களை பிடிஎஃப் ஆக மாற்றி வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய தமிழ் எழுத்துருக்கள் குப்பையாகவும், சீன எழுத்துகள் வெறும் கட்டங்களாகவும் தெரியும். பிணங்களின் படங்கள் வேண்டாம். குழந்தைகளும் இருப்பார்கள், அதோடு, அதிர்ந்துபோன சபை கேள்வி கேட்காது.

காட்சி மேசைதான் அதிகக் கவனம் கேட்கும். ஜப்பானியர் மலேயாவில் அச்சடித்த வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டு பல வீடுகளில் கிடைக்கலாம். நோட்டில் உள்ள எழுத்துக்குறி ‘எம்’ என்று தொடங்கினால் மலேயா, ‘பி’ என்றால் பர்மா. கடிதத்திலோ ரசீதிலோ 2602 என்று ஆண்டு போட்டிருந்தால் எழுத்துப்பிழை என்று ஒதுக்காதீர்கள். அது ஜப்பானிய அரச ஆண்டு, 1942. அதே காலத்துப் பேரேட்டில் விஷு, சித்திரபானு என்று தமிழாண்டு இருக்கும். 1942-இன் சித்திரைக்கு முன் விஷு, பின் சித்திரபானு. போர் முடிந்த ஆண்டு பார்த்திப. மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு பெரிய தாளில் ஒட்டுங்கள். கூட்டம் அதன் முன்னால்தான் நிற்கும்.

அசலுக்கு லேமினேஷன் போடக் கூடாது, செல்லோடேப் ஒட்டக் கூடாது, பேனாவால் எண் எழுதக் கூடாது. ஒளிபுகும் உறையில் வைத்து, உறைக்கு வெளியே சீட்டு வையுங்கள். சீட்டில் யார் பெயர் வர வேண்டும், வேண்டாம் என்பதை வீட்டார் சொல்லட்டும். அன்றிரவே படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு மோதல் நிச்சயம் வரும். ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரம் பேர் அங்கே மடிந்தார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார், ஜப்பான் துணையோடு. ஒரு வீட்டில் நேதாஜி படம், அடுத்த வீட்டில் திரும்பி வராத தாத்தா. இரண்டையும் அருகருகே சொல்ல நடுவர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். யாரையும் ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று மறிக்காமல், ‘எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொன்னது’ என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவத்தின் பாலியல் அடிமையாக்கப்பட்ட கொரியாவின் கிம் ஹாக்-சுன் 1991-இல்தான் தன் பெயரைச் சொல்லிப் பொதுவெளியில் பேசினார். நம் பெரியவர் ஒருவர் மேடையில் பேசத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். மறுநாள் காலை வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு பேர் போகட்டும், மூன்றாவது ஆள் வேண்டாம்.