கோயம்புத்தூர் விபிஎன்னைக் கோத்தகிரி டேப்லெட்டுக்குப் பகிர்ந்த கதை

கோத்தகிரியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சிறு தேயிலை விவசாயிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு மொத்தமும் கோயம்புத்தூரில், சித்தப்பா மகனின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. விபிஎன், அதாவது இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான பாதை, இல்லாமல் அதைத் தொட முடியாது. என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் ஓபன்விபிஎன் என்ற விபிஎன் ஆப் ஒழுங்காக ஓடுகிறது. தொல்லை டேப்லெட்டில்தான். கொழுந்து எடைச் சீட்டுகளைப் படம் எடுத்து ஏற்றுவதற்கு வைத்திருக்கும் பழைய டேப்லெட் அது. விபிஎன் ஆப்பை உள்ளேயே விட மாட்டேன் என்கிறது.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கோயேன்க்கா" என்றான் ஆபீஸ் வைத்திருக்கும் அந்தத் தம்பி. கொழுந்து விற்கிற விலையில் என் கூலியே பாக்கி நிற்கிறது, டேப்லெட்டுக்கு எங்கே போக? லேப்டாப்பில் இருக்கும் விபிஎன்னையே வைஃபை வழியாக டேப்லெட்டுக்கும் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு சாயங்காலம் போனது. உங்களுக்கு அரை மணி நேரம் போதும்.

முதல் நாள், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தேன். டேப்லெட் இணைந்தது, யூடியூப் ஓடியது, ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் வாயே திறக்கவில்லை. காரணம் எளிது. ஹாட்ஸ்பாட் தானாகப் பகிர்வது ரவுட்டரிலிருந்து வரும் சாதாரண இணையத்தை. விபிஎன் என்பது விண்டோஸுக்கு இன்னொரு தனி அடாப்டர், அதாவது நெட்வொர்க்குக்குப் போகும் இன்னொரு வாசல். அந்த அடாப்டரிலிருந்துதான் பகிரச் சொல்ல வேண்டும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள பட்டியலில் பெரும்பாலும் அது வராது.

ஆகவே வரிசை இது. முதலில் விபிஎன்னை இணையுங்கள். அப்புறம் ஹாட்ஸ்பாட். பழைய டேப்லெட் என்றால் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று மாற்றிவிடுங்கள். 5 வைத்தால் பல பழைய கருவிகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. எட்டு கருவிகள் வரை சேரலாம்.

இனி கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் போய், இடப்பக்கம் அடாப்டர் செட்டிங்ஸை மாற்றும் இணைப்பைத் தட்டுங்கள். நாலைந்து படங்கள் தெரியும். அதில் விபிஎன் எது என்று குழம்பினால், விபிஎன்னை ஒருமுறை துண்டித்துப் பாருங்கள். எந்தப் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறதோ அதுதான். என்னுடையதில் கீழே டேப்-விண்டோஸ் (TAP-Windows) என்று எழுதியிருக்கும். ஹாட்ஸ்பாட் உடையது 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்' என்று நட்சத்திரக் குறியும் எண்ணும் போட்டு இருக்கும். அதன் கீழே வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர் என்ற வரியைப் பாருங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 10.

விபிஎன்னை மறுபடி இணைத்துவிட்டு, விபிஎன் படத்தின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங். 'மற்றவர்கள் இந்தக் கம்ப்யூட்டர் வழியாக இணையலாம்' என்ற பொருளில் உள்ள முதல் கட்டத்தில் டிக் போட்டு, கீழே குறித்து வைத்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வேறு அடாப்டரில் ஷேரிங் ஏற்கெனவே டிக் ஆகியிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் நான் சறுக்கினேன். தலைகீழாக, வைஃபை அடாப்டரின் ஷேரிங்கில் டிக் போட்டு, பட்டியலில் விபிஎன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். எந்த அடாப்டருக்குக் 'கொடுக்கிறோமோ' அதற்கு விண்டோஸ் 192.168.137.1 என்ற முகவரியைப் போட்டுவிடும். விபிஎன் அடாப்டர் தன் முகவரியை இழந்து நின்றது. லேப்டாப்பிலேயே ஆபீஸ் போச்சு. கொடுப்பவர் பக்கம்தான் டிக், வாங்குபவர் பட்டியலில். அந்த முகவரி இருக்க வேண்டியது ஹாட்ஸ்பாட் அடாப்டரில்.

சரியாக நடந்ததா என்று பார்க்க, டேப்லெட்டில் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பெயரால் தேடாமல் ஐபி முகவரியால், அதாவது அதன் எண் முகவரியால், திறந்து பாருங்கள். காசு கட்டும் விபிஎன் வைத்திருப்பவர்கள், ஐபி காட்டும் ஏதாவதொரு தளத்தை லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் திறந்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடலாம். பிறகு விபிஎன்னைத் துண்டித்தும் ஒருமுறை சோதியுங்கள். டேப்லெட்டில் அப்போதும் இணையம் ஓடினால், அது வேறு வழியில் போகிறது என்று அர்த்தம். என்னுடையதைப் போல ஆபீஸுக்கு மட்டும் வழிவிடும் விபிஎன்னாக இருந்தால், டேப்லெட்டில் மற்ற தளங்கள் திறக்காமல் போகலாம். எனக்கு அது வசதியாகிவிட்டது. டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய மகள் இப்போது தொடுவதில்லை.

இவ்வளவும் செய்து நிமிர்ந்தால், மழை. ஐப்பசியில் எங்கள் பக்கம் சீகை மரக் கிளை ஒயரில் விழாத வாரம் அபூர்வம். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், லேப்டாப் பேட்டரியில் ஓடும், விபிஎன் அறுந்துவிடும். லேப்டாப்பையும் அணைத்துப் போட்டால் இன்னும் மோசம்: மறுபடி ஆன் செய்தால் ஷேரிங்கில் டிக் இருப்பது போலவே தெரியும், ஒன்றும் ஓடாது. டிக்கை எடுத்து ஓகே கொடுத்து, மறுபடி போடுங்கள். இதற்கு விடிய விடிய யோசித்தேன் என்றால் நம்புவீர்களா? ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பவர் சேவிங் என்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரும் இணையாத நேரம் பார்த்துத் தானே தூங்கிவிடும். வயர்கார்டு என்ற இன்னொரு விபிஎன் ஆப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது துண்டிக்கும்போதெல்லாம் அடாப்டரையே அழித்துவிடும், ஷேரிங் அமைப்பும் கூடவே போய்விடும். அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு ஓபன்விபிஎன்னே மேல்.

வேகம் குறைந்தால், ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர் போடுங்கள். ஒரே வைஃபை வாங்கவும் கொடுக்கவும் மாரடிக்க வேண்டியதில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒயர் கட்டாயம். வைஃபையில் வாங்கியதை அது வைஃபையிலேயே கொடுக்காது.

ஆபீஸ் விபிஎன் என்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இந்த ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு தெரிந்த யாரும் ஆபீஸுக்குள்ளேயே நுழைந்த மாதிரி. தம்பி சரி என்று சொன்ன பிறகுதான் நான் தொட்டேன். பாஸ்வேர்டும் நீளமாக வைத்திருக்கிறேன். சீட்டு கொண்டுவரும் பெரியவர்கள் "வைஃபை நம்பர் சொல்லும்மா, பேரனுக்குப் பேசணும்" என்பார்கள். ரவுட்டருடையதைச் சொல்லிவிடுவேன்.