தண்ணீர் வராத லயங்களை வரைபடம் காட்டியது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தண்ணீர் வரவில்லை என்று வாசகர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகார்களைத் தொகுத்து வந்தேன். இடவாரியாகப் பட்டை வரைபடம் போட்டால் டவுனை ஒட்டிய பெரிய தாமான்தான் (குடியிருப்புப் பகுதிதான்) எப்போதும் முன்னால் நின்றது. வீடுகள் அதிகம், புகார்களும் அதிகம். அதில் செய்தி இல்லை.

புகார் எண்ணிக்கையை அந்தந்த இடத்தின் வீட்டு எண்ணிக்கையால் வகுத்து, 100 வீட்டுக்கு எத்தனை என்று மாற்றினேன். கூகுள் ஷீட்ஸில் ஒரு நெடுவரிசை கூடுதல், அவ்வளவுதான். அதை டேட்டாராப்பர் என்ற இணைய வரைபடக் கருவியில் ஏற்றி வட்டங்களாக வைத்ததும் படமே மாறிவிட்டது. டவுன் சுருங்கியது, செம்பனைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பெரிதாக எழுந்து நின்றன. இத்தனை காலம் அந்த மக்களின் குரல் கூட்டுத்தொகைக்குள் அமுங்கிக் கிடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை.

படம் கேள்வியைத்தான் தரும். 1854இல் லண்டன் காலரா மரணங்களை வரைபடத்தில் குறித்த மருத்துவர் ஜான் ஸ்னோவும், பிராட் தெரு அடிகுழாயைச் சந்தேகித்து வீடு வீடாக விசாரித்தார். நானும் லயத்துக்குப் போனேன். கடைசி வீட்டுப் பாட்டி வாசலில் வரிசையாக நின்ற நீல டிரம்களைக் காட்டி, “நடுச்சாமத்தில் வந்து பார் தம்பி, அப்போதுதான் குழாய் சொட்டும்” என்றார். குழாயின் கடைக்கோடி அது. அழுத்தம் அங்கே வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. செய்தியை அவரிடமிருந்தே தொடங்கினேன்.

நீங்களும் இப்படிப் படம் போட்டால், வீட்டு எண்ணிக்கையை எங்கே பெற்றீர்கள் என்பதைப் படத்தின் அடியில் எழுதிவிடுங்கள். அதிகாரிகள் முதலில் கேட்பது அதைத்தான்.