முத்திரையை நம்பி ஊரைச் சொல்லாதீர்கள்: போர்க்காலக் கடிதங்களை வாசிப்பதில் நேரும் தவறுகள்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் அச்சிட்ட இந்தியத் தபால் தலை. அதன் மேல் கறுப்பு மையில் 'ஐ.இ.எஃப்.' என்று மூன்று எழுத்துகள். முகவரியோ இந்தியக் கிராமம் ஒன்றுக்கு. இந்த உறையைப் பார்த்ததும், உள்நாட்டிலேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன கடிதம் என்று தீர்ப்பெழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பாஸ்ராவிலிருந்து வந்திருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோகூட வந்திருக்கலாம். 1914-ல் கடல் கடந்த இந்தியப் படை தன் தபால் நிலையங்களையும் கூடவே கொண்டுபோயிற்று. இந்தியத் தபால் துறை ஊழியர்களே போர்முனைக்குப் போய் முத்திரை குத்தினார்கள். அங்கே விற்பதற்காகத்தான் இந்தியத் தபால் தலைகளின் மேல் அந்தப் படையின் ஆங்கிலப் பெயரான 'இந்தியன் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்' என்பதன் முதலெழுத்துகளை அச்சிட்டார்கள்.

முகவரியிலோ அனுப்புநர் பகுதியிலோ அந்த மூன்று எழுத்துகளுக்குப் பிறகு இன்னோர் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏ' என்றால் பிரான்ஸ். 'பி', 'சி' இரண்டும் கிழக்கு ஆப்பிரிக்கா. 'டி' என்றால் மெசபடோமியா, அதாவது இன்றைய இராக். 'இ', 'எஃப்' எகிப்து, 'ஜி' துருக்கியின் கலிப்போலி. 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் அடிவாங்கித் திரும்பிய 'பி' படையில் 63-வது பாளையங்கோட்டைக் காலாட்படையும் இருந்தது. தென்னாட்டுச் சிப்பாய் ஒருவரின் தடத்தைத் தேடுகிறவர்கள் 'முதல் உலகப் போர் என்றால் பிரான்ஸ்' என்று தொடங்கினால் தேடலே திசைமாறிப் போகும்.

இதைவிடப் பெரிய பொறி களத் தபால் நிலையத்தின் எண். முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அந்த எண்ணை ஓர் ஊரோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. தபால் நிலையம் படைப்பிரிவோடு நகரும். இந்த மாதம் ஓர் ஊரிலும் அடுத்த மாதம் நாற்பது மைல் தள்ளியும் அதே எண்ணில் முத்திரை விழும். எதிரி கையில் கடிதப் பை சிக்கினாலும் படை எங்கே நிற்கிறது என்பது தெரியக் கூடாது. ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். ஆகவே எண்ணையும் தேதியையும் சேர்த்து, அந்தப் படைப்பிரிவின் போர் நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஊரைச் சொல்ல வேண்டும்.

முகவரியும் அப்படித்தான். பிரான்ஸில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்க்கு எழுதுகிறவர்கள் அவருடைய எண், பதவி, பெயர், பட்டாளம் ஆகியவற்றை எழுதிவிட்டு, கடைசியில் 'பிரிட்டிஷ் எக்ஸ்பெடிஷனரி ஃபோர்ஸ்' என்று முடிப்பார்கள். ஊரே கிடையாது. அந்தக் கடிதத்தை எங்கே கொண்டுபோவது என்பது லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் முடிவாயிற்று. பூங்காவுக்குள் ஐந்து ஏக்கர் பரப்பில் மரத்தாலேயே கட்டிய கொட்டகை அது. சுமார் 2,500 பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதங்களும் பத்து லட்சம் பார்சல்களும் அவர்கள் கை வழியே போயின. எந்தப் பட்டாளம் எங்கே நகர்ந்திருக்கிறது என்ற தகவல் அங்கே நாள்தோறும் வந்தது. அதன்படி மூட்டை கட்டிக் கப்பலேற்றினால் சராசரியாக இரண்டே நாளில் பதுங்குகுழியில் இருப்பவர் கையில் கடிதம் சேர்ந்தது.

அந்த இரண்டு நாள் கணக்கு, அந்தக் காலத்துத் தபால் ஆமை வேகம் என்ற எண்ணத்தையும் சேர்த்தே உடைக்கிறது. அன்று லண்டனின் மையப் பகுதியில் ஒரே நாளில் பல முறை தபால் பட்டுவாடா நடந்தது. 'இன்று மாலை வருகிறேன்' என்று காலையில் கார்டு போட்டுவிட்டுப் போகலாம். இப்படிப்பட்ட வரியைப் பார்த்துத் தேதி தவறாக இருக்கும் என்று திருத்தியவர்கள் உண்டு. வேகத்தைத் தீர்மானித்தது காலம் அல்ல, வழி. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் அடைபட்டது. எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்கான தபால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம் செய்தது. முதல் போரில் இரண்டு நாளில் போன கடிதம் இரண்டாம் போரில் மூன்று மாதம் எடுத்துக்கொண்டதற்குத் தபால்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அந்தத் தாமதத்துக்கு மாற்றாகத்தான் 1941-ல் ஏர்கிராஃப் வந்தது. ஒரே பக்கப் படிவத்தில் கடிதம் எழுதுவார்கள். அதைச் சிறிய பிலிமில் படமெடுத்து, பிலிம் சுருளை விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். அமெரிக்கர்கள் 1942-ல் இதையே 'வி-மெயில்' என்று நடத்தினார்கள்: 37 பைகளில் 2,575 பவுண்டு எடையுள்ள ஒன்றரை லட்சம் கடிதங்கள் ஒரே பையில் 45 பவுண்டாகச் சுருங்கின. உங்களிடம் இருப்பது உள்ளங்கை அளவு புகைப்படத் தாள் என்றால், 'இது நகல், அசல் எங்கே?' என்று தேடி அலைய வேண்டாம். வீட்டுக்கு வந்து சேர்ந்ததே அதுதான்.

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. முதல் உலகப் போரின்போது மதராஸுக்கு 'விமானத் தபால்' வந்ததாக எழுதாதீர்கள். 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு சுமார் 6,500 கடிதங்கள் விமானத்தில் போனது உண்மை. ஆனால் அது கண்காட்சியை ஒட்டி நடந்தது. லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே முறையான விமானத் தபால் 1929-ல்தான் வந்தது. டாடாவின் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மதராஸுக்குத் தபால் கொண்டுவந்தது 1932 அக்டோபரில். அதேபோல நாற்பதுகளில் நடக்கும் கதையில் 'காலணா கார்டு' வாங்கும் பாத்திரங்களையும் அடிக்கடி பார்க்கிறேன். காலணா கார்டின் காலம் 1922-ல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு கார்டு அரையணாவாகவும் உறைக் கடிதம் ஓரணாவாகவும் ஏறின. போர்முனையிலிருந்து வந்த உறையில் தபால் தலை இல்லாவிட்டால் உதிர்ந்துவிட்டது என்றோ போலி என்றோ நினைக்கத் தேவையில்லை. களத்தில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய் 1914 முதலே தலை ஒட்டாமல் கடிதம் அனுப்பலாம். போர்க் கைதிகளின் கடிதங்களுக்கும் 1907 ஹேக் உடன்படிக்கைப்படி தபால் கட்டணம் கிடையாது.

போரில் இறந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் தந்தி வந்தது என்பதும் சினிமா தந்த பழக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டனில் அதிகாரிகளின் குடும்பத்துக்குத்தான் தந்தி. சாதாரணச் சிப்பாயின் வீட்டுக்கு 'பி 104-82' என்ற அச்சுப் படிவம் சாதாரணத் தபாலில் வரும். பெயர், தேதி போன்ற விவரங்களை மட்டும் நிரப்பியிருப்பார்கள். சில வீடுகளில் அதற்கு முன்பே, தாங்கள் அனுப்பிய கடிதம் 'போரில் இறந்தார்' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது.

இனி தணிக்கை. மேலிடத்தில் ஏதோ ஓர் அலுவலகம் கடிதங்களைப் படித்துக் கறுப்படித்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் படையில் சிப்பாயின் கடிதத்தை முதலில் படித்தவர் அவருடைய சொந்தப் படைப்பிரிவின் இளநிலை அதிகாரி. காலையில் அணிவகுப்பில் எதிரே நிற்கும் அதே மனிதர் மாலையில் உங்கள் மனைவிக்கு நீங்கள் எழுதியதைப் படிப்பார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதங்களைத் திரும்பப் படித்தால், வறட்சியாகத் தோன்றும் 'நலம், நலமறிய ஆவல்' வரிகளுக்கு வேறு காரணம் தெரியும். அன்பில்லாதவர் என்று கொள்ளுப்பாட்டனாருக்குச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள். இந்தச் சங்கடத்துக்காகவே 1915-ல் பச்சை உறை வந்தது. 'உள்ளே குடும்ப விஷயம் தவிர வேறில்லை' என்று சிப்பாய் தன் மானத்தின் மேல் உறுதி கூறிக் கையெழுத்திட்டால் சொந்த அதிகாரி அதைத் திறக்க மாட்டார். பின்தளத்தில் யாராவது திறந்து பார்க்கலாம். மனம் விட்டு எழுதிய கடிதம் வேண்டுமானால் பச்சை உறையைத் தேடுங்கள்.

இந்தியச் சிப்பாய்களின் கதை இன்னும் சிக்கலானது. 1911 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். ஆகவே பல கடிதங்களில் இருப்பது சிப்பாயின் கையெழுத்தே அல்ல. உடனிருந்த எழுத்தறிந்தவர் ஒருவரின் கை. ஊரிலும் அப்படியே, யாரோ ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். எழுதும் இடத்தில் ஒருவர், தணிக்கையில் ஒருவர், படிக்கும் இடத்தில் ஒரு கூட்டம். இத்தனை காதுகளுக்கு நடுவே ஒருவர் அந்தரங்கத்தைச் சொல்ல எங்கே இடம்?

பிரான்ஸில் இருந்த இந்தியப் படையின் கடிதங்களைப் பார்க்க பூலோன் நகரில் தனித் தணிக்கை அலுவலகம் இருந்தது. அங்கிருந்தவர்கள் கடிதங்களிலிருந்து சில பகுதிகளை மட்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள். இன்று நாம் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் அந்த ஆங்கிலத் துணுக்குகளைத்தான். 'சிப்பாயின் சொந்த வார்த்தைகள்' என்று அவற்றைப் போடுவது தவறு. எதைப் பெயர்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவர் தணிக்கை அதிகாரி. கலகத்தின் வாடை அடிக்கிறதா என்பதே அவர் கவலை. தவிர, அந்தப் படையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாப், வடமேற்கு எல்லைப்புறம், கார்வால், நேபாளப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொன்னதைத் தமிழ்ச் சிப்பாயின் மனநிலையாக ஒட்டிக்கொள்ள முடியாது. அந்தக் கடிதங்களில் 'கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது, இனி சிவப்பு மிளகுதான்' என்ற தொனியில் வரிகள் வரும். மளிகைக் கணக்கு என்று தாண்டிவிடாதீர்கள். கறுப்பு மிளகு இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகு வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கையாளர்களுக்கும் அது புரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

அச்சிட்ட வாசகத்தை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை. முதல் போரின் களச் சேவை அட்டையில் 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்' என்று வரிகள் ஏற்கெனவே இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போடலாம். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை உண்டு. இரண்டாம் போரில் ஜப்பானியர் பிடியில் இருந்த கைதிகளுக்குக் கொடுத்த அட்டையிலோ 'என் உடல்நிலை மிகச் சிறப்பாக உள்ளது' என்ற வரி அச்சாகியிருந்தது. சயாம்–பர்மா ரயில் பாதையில் எலும்பும் தோலுமாக இருந்தவர்களும் அந்த அட்டையில்தான் கையெழுத்திட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அதே பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் போர்க் கைதி என்ற கணக்கிலேயே வரவில்லை.

இரண்டாம் போர்க் காலத்து முகவரியில் 'அஞ்சல் பெட்டி 506, லிஸ்பன்' என்று இருந்தால், பெறுநர் போர்ச்சுகலில் வாழ்ந்தவர் என்று குடும்ப மரத்தில் புதுக் கிளை வரையாதீர்கள். பிரிட்டனிலிருந்தவர்களும் எதிரி நாட்டிலிருந்தவர்களும் கடிதம் மாற்றிக்கொள்ள, தாமஸ் குக் பயண நிறுவனம் நடுநிலை நாட்டில் வைத்திருந்த இடைப்பெட்டி அது. தேதியிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: 1918 பிப்ரவரிக்கு முந்தைய ரஷ்ய முத்திரை நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியது, ஜப்பானியர் கையிலிருந்த மலாயாவின் தபால் தலைகளில் காணும் '2602' ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, அது நம் 1942.

உறையிலிருந்து தலையை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது, கிழிந்த மடிப்பில் செலோடேப் போடுவது, லேமினேஷன் செய்வது, இந்த மூன்றையும் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. செய்யாதீர்கள். மேலே சொன்ன அத்தனை தடயங்களும் முழு உறையில்தான் இருக்கின்றன.

கடைசியாக, வராத கடிதங்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வழக்கமான தபால் முற்றிலும் நின்றுபோயிற்று. மாதாமாதம் வந்துகொண்டிருந்த மணியார்டரும் நின்றது. ஜப்பான் சரணடையும் வரை மூன்றரை ஆண்டு இந்த நிலைதான். பினாங்கிலோ ஈப்போவிலோ இருந்த பெரியப்பா அந்த ஆண்டுகளில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கொண்டு, குடும்பத்தை மறந்தார், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்றெல்லாம் பேச்சு கிளம்பிய வீடுகள் உண்டு. வீட்டில் கட்டிவைத்த கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். இடைவெளி 1941-ன் இறுதியிலோ 1942-ன் தொடக்கத்திலோ ஆரம்பித்து 1945-ன் இறுதியில் முடிகிறது என்றால், அதற்குக் காரணம் பெரியப்பா அல்ல. இடைவெளிக்குப் பின் வந்த முதல் உறைகளில் 'பி.எம்.ஏ. மலாயா' என்று மேலச்சிட்ட தலைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்; பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் 1945 அக்டோபரில் வெளியிடத் தொடங்கிய தலைகள் அவை.