கொழும்பின் பழைய பெரிய ஹோட்டலில் சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

விசா அலுவலாகவோ, வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களைக் கூட்டிவரவோ கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு, அந்தப் பழைய ஹோட்டல்களில் ஒருதரம் சாப்பிட்டுப் பார்க்கும் ஆசை வருவதில் பிழையில்லை. 1864இல் தொடங்கிய கோல்பேஸ் ஹோட்டல் இருக்கிறது. துறைமுகத்தடியில் 1875இல் திறந்த கிராண்ட் ஓரியண்டல் இருக்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் தங்கிய இடம் அது. பெரிய தூண்களையும் வெள்ளை மேசைவிரிப்பையும் கண்டதும் எங்கள் ஆட்களுக்கு வாய் அடைத்துவிடும். காசு போவது அந்த இடத்தில்தான்.

முதலில் விலை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். 5,000 ரூபாச் சாப்பாடு முதலில் 5,500 ஆகும், அதன் மேல் வற் ஏறினால் 6,490. நாலு பேருக்குப் போட்டுப் பாருங்கள், 26,000க்குக் கிட்ட வரும். வேறு வரியும் சேரலாம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஓடர் கொடுக்க முதலே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, டையும் கோட்டுமாக வருகிறவர்களும் கேட்கிறார்கள். இருந்த உடனே "தண்ணீர் தரவா?" என்பார்கள். தலையாட்டினால் போத்தல் வரும், அதுவும் பில்லில் ஏறும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி, விரதம் என்று இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிங்களச் சமையலில் தேங்காய்ச் சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுவது வழக்கம், சில மரக்கறிகளுக்கும் போடுவார்கள். பார்த்தால் தெரியாது. "மரக்கறியா?" என்பதோடு விடாமல், "மாசி போட்டதா?" என்றும் கேளுங்கள். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் கட்டாயம் கேளுங்கள்.

உடுப்பைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. சேலை, வேட்டி எல்லாம் சரி. அரைக்காற்சட்டையும் பாட்டாச் செருப்பும் வேண்டாம். ரயிலால் இறங்கிய பைகளோடு நேரே மேசைக்குப் போகாமல், வரவேற்பில் வைக்கலாமா என்று கேளுங்கள்.

கோல்பேஸில் மாலைத் தேநீருக்குப் போவதென்றால் மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். பிளேன்ரீயும் வடையும் மாதிரி நினைத்துப் போனால் தட்டுத் தட்டாக வரும் இனிப்பும் சாண்ட்விச்சும் மிஞ்சிவிடும். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஆசையென்றால் முதலே மேசை சொல்லிவைத்து, ஐந்து மணிக்குள் போய் இருங்கள். ஆறு மணிக்குப் போய்க் கடற்பக்க மேசை கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் பஃபே. நேரே சோற்றுச் சட்டிக்குப் போகிற பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விடலாம். சோறு வீட்டிலும் இருக்கிறது, இறாலையும் நண்டையும் முதலில் பாருங்கள். (முல்லைத்தீவுக்காரர் இதற்குச் சிரிப்பார்கள், அவர்கள் நேரே புடிங் பக்கம் போகலாம்.) பஃபேயில் மிஞ்சியதைக் கட்டித் தரமாட்டார்கள். மெனுவைப் பார்த்து ஓடர் கொடுத்ததென்றால் கேட்டுப் பார்க்கலாம்.