மாவட்ட ஒதுக்கீடும் திருகோணமலை மாணவரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் மாணவரின் தீவு நிலையும் (நாடளவில் எத்தனையாம் இடம்) மாவட்ட நிலையும் வீட்டாருக்குத் தெரிந்துவிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் மருத்துவமா, பொறியியலா, முகாமைத்துவமா என்ற முடிவுகள் அன்றிரவே எடுக்கப்படுகின்றன. திருகோணமலையில் நடக்கும் தவறுகளில் பாதி அந்த இரண்டு எண்களையும் பிழையாக வாசிப்பதால் வருகின்றன. மீதிப் பாதி அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, பிள்ளையை எந்தப் பாடசாலையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும்போது நடந்துவிடுகின்றன.

பெரும்பாலான கற்கைநெறிகளில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 40 வீதமான இடங்களை அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்புகிறது. 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. வடக்கு, கிழக்கின் எட்டு மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்குகின்றன. எல்லாக் கற்கைநெறிகளும் இந்த முறைக்குள் வருவதில்லை என்பதால், தாம் விரும்பும் கற்கைநெறிக்கு எது பொருந்தும் என்பதை அந்தந்த ஆண்டின் மாணவர் கைந்நூலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் தவறு, "எங்களுக்கு மாவட்டம் கைகொடுக்கும்" என்ற அசட்டை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டின் தொகையில் அது 2 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. கணக்குக்காக, ஒரு கற்கைநெறியில் 1000 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 550 மாவட்ட இடங்களில் திருகோணமலைக்கு 10 அளவிலும், பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50இல் இரண்டோ மூன்றோ கிடைக்கும். இந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று இடங்களுக்கும் நகரத்து மாணவரும் மூதூர், கிண்ணியா, கந்தளாய், குச்சவெளி மாணவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்மொழி மூலம், சிங்களமொழி மூலம் என்று தனித்தனி வரிசைகள் இல்லை. கல்வி வலயங்களுக்கென்று உள் ஒதுக்கீடும் இல்லை. ஆகவே, உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை அருகில் இல்லாத ஒரு கிராமத்து மாணவருக்கு, கொழும்பு மாணவரோடு உள்ள இடைவெளியை மாவட்ட முறை ஓரளவு ஈடுசெய்தாலும், திருகோணமலை நகரத்து மாணவரோடு உள்ள இடைவெளியை அது தொடுவதே இல்லை. இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. மாவட்டம் என்ற அலகு சிறிய இடங்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காண முடியாத அளவுக்குப் பெரியது.

மாவட்ட நிலையை வாசிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் அகில இலங்கைத் திறமைப் பட்டியல், அதாவது தீவுத் திறமைப் பட்டியல், நிரப்பப்படுகிறது. அதில் தெரிவானவர்கள் மாவட்டப் பங்கில் கணக்கிடப்படுவதில்லை. மாவட்டத்தில் பதினைந்தாம் இடத்தில் இருப்பவருக்கு முன்னால் நால்வர் தீவுத் திறமையில் போய்விட்டால், அவர் உண்மையில் பதினோராம் இடத்தில் நிற்கிறார். இதை அறியாமல் விண்ணப்பிக்கவே தயங்குவோர் உள்ளனர்.

எதிர்ப்பக்கத் தவறு, மாவட்ட முறை என்றாலே அது தமிழருக்கு எதிரானது என்று முடிவுகட்டுவது. 1970களின் தரப்படுத்தல் பற்றிய நினைவு நியாயமானதே. 1973இல் மொழிமூல அடிப்படையில் புள்ளிகள் சீர்செய்யப்பட்டபோது தமிழ்மொழி மூல மாணவர் அனைவரும் பாதிக்கப்பட்டனர். ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டில் கூடுதலாக இழந்தவை பாடசாலை வசதி மிகுந்த யாழ்ப்பாணமும் கொழும்பும். திருகோணமலை, மட்டக்களப்பு, மன்னார் போன்ற மாவட்டங்களின் நிலை வேறு. யாழ்ப்பாணத்தின் வரலாற்றை அப்படியே எடுத்துத் திருகோணமலைக்குப் பொருத்தினால் கணக்குப் பிழைக்கும்.

பாடசாலை மாற்றத்தில் நடக்கும் தவறுதான் அதிக விலை கேட்பது. விண்ணப்பதாரரின் மாவட்டம், உயர்தரப் பரீட்சை வரையிலான மூன்று ஆண்டுகள் அவர் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கற்றார் என்பதை வைத்தே முதலில் பார்க்கப்படுகிறது. சாதாரண தரம் முடிந்ததும் நல்ல ஆசிரியர்களைத் தேடி யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பிள்ளையை மாற்றும் பெற்றோர், கற்பித்தலை மட்டும் எண்ணி மாவட்டத்தை மறந்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுக் காலம் இரண்டு மாவட்டங்களில் சிதறினால் நிரந்தர வதிவிடத்தை நிறுவும் சிக்கல் வருகிறது. புதிய மாவட்டத்துக்கே உரியவராகிவிட்டால், மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு வழக்கமாக உயர்ந்திருக்கும் அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை (கடைசியாகத் தெரிவானவரின் புள்ளியை) எட்ட வேண்டியிருக்கும். யாழ்ப்பாணமும் பதினாறில் ஒன்றுதானே என்ற ஆறுதல் இங்கே உதவாது. அங்கே போட்டி வேறு. இதற்காக மாறவே கூடாது என்று சொல்லவில்லை. தீவுத் திறமையிலேயே தெரிவாகக்கூடிய பிள்ளைக்கு மாவட்டம் பொருட்டல்ல. விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கே அது எல்லாமாகிறது.

வார இறுதியில் வேறு ஊருக்குத் தனியார் வகுப்புக்குப் போய்வருவதால் மாவட்டம் மாறாது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் நகரத்துக்கு வந்துபோவது முன்னிலும் எளிதாகியிருக்கிறது. பாடசாலையை மாற்றாமல் வகுப்பை மட்டும் மாற்ற முடியுமா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். இதற்கு மாறாக, வெளிமாவட்டத்தில் படித்துக்கொண்டே திருகோணமலை முகவரியைக் காட்டி உள்ளே வர நினைப்பது ஆபத்தானது. பொய்த் தகவல் வெளிப்பட்டால் அனுமதியே இரத்தாகலாம்.

வதிவிடத்தை நிறுவும் நிலை வந்தால் வாக்காளர் இடாப்பு முக்கியமாகிறது. 2006இல் சம்பூர், மூதூர்ப் பகுதிகளில் நடந்ததைப் போன்ற இடப்பெயர்வுகளுக்கு உள்ளான குடும்பங்களிலும், வெளிநாட்டு வேலைக்குப் போய்வந்த குடும்பங்களிலும், பெற்றோரின் பெயர் ஓரிடத்தில், வாழ்க்கை வேறோரிடத்தில் என்று இருப்பது புதுமையல்ல. பிள்ளை பத்தாம் ஆண்டில் இருக்கும்போதே கிராம உத்தியோகத்தரிடம் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. விண்ணப்ப வாரத்தில் கடந்த கால இடாப்பைத் திருத்த முடியாது.

அடுத்தது, மாணவரை வரிசைப்படுத்தப் பயன்படும் இசட் புள்ளி. அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாகக் கணிக்கப்படுவதில்லை. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடைப்பெறுமானத்தை (எல்லோரது புள்ளிகளின் சராசரியை) கழித்து நியம விலகலால் (புள்ளிகளின் பரவலைக் காட்டும் அளவால்) வகுத்து, மூன்று பாடங்களுக்கும் கிடைப்பவற்றின் சராசரியை எடுப்பதே முறை. மாவட்டத்துக்கேற்ப மாறுவது வெட்டுப்புள்ளி மட்டுமே. அது கடைசியாகத் தெரிவானவரின் இசட் புள்ளி. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளியை வாக்குறுதியாக நம்புவது தவறு. பங்கு பத்துப் பன்னிரண்டு இடங்களாக இருக்கும் மாவட்டத்தில், ஓராண்டு இரண்டு மூன்று நல்ல மாணவர்கள் கூடுதலாக வந்தாலே அது உயர்ந்துவிடும். ஓராண்டின் எண்ணுக்குப் பதில் நான்கைந்து ஆண்டுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையின் (Common General Test) புள்ளி இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அதில் 30க்குக் குறைந்தால் விண்ணப்பிக்கும் தகுதியே இல்லாமற்போகும்.

விண்ணப்பத்தில் கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் இணைத்த குறியீடுகளை விருப்ப வரிசையில் இட வேண்டும். கிடைக்கக்கூடியதை முதலில் போட்டால் வாய்ப்புக் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். புள்ளி எட்டுகின்ற மிக உயர்ந்த விருப்பமே வழங்கப்படுவதால், உண்மையான விருப்பத்தின்படி எழுதுவதில் நட்டமில்லை; நான்கைந்தோடு நிறுத்துவதில்தான் நட்டம். மொறட்டுவையின் கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் உளச்சார்புப் பரீட்சையொன்றை நடத்துகிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்கவும் நேரில் தோற்றவும் வேண்டும். அறிவித்தலைக் காணாமல் அல்லது கொழும்புப் பயணத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் அதைத் தவறவிடும் மாணவருக்கு, எந்த மாவட்ட ஒதுக்கீட்டாலும் அந்தக் கற்கைநெறியைப் பெற்றுத்தர முடியாது.