குச்சியின் நிழல் தெற்கே விழுந்தது: இணையத்தில் அறிவியல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. ஏழாம் வகுப்புக்கு ஒரு வெளிநாட்டுத் தளத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும் என்று அழகாகப் படம் வரைந்து சொன்னது. சரி, வெளியில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டோம். மணி பன்னிரண்டே கால். நிழல் ஒரு சாண் நீளம் இருந்தது, ஆனால் தெற்குப் பக்கமாக. "சார், தெக்கால விழுது சார்" என்றான் ஒரு பையன். குச்சிதான் சாய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். குச்சி நேராகத்தான் நின்றது.

வீடியோவில் தப்பில்லை. லண்டனில் இருப்பவருக்கு அது முழு உண்மை. எங்கள் தஞ்சாவூரோ சுமார் 10.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்தக் காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாளும் முடிவில் ஒரு நாளும் உச்சந்தலைக்கு நேர்மேலே வரும். அவைதாம் நிழலில்லா நாட்கள். இதிலும் ஒரு சறுக்கல் உண்டு. சென்னைக்கான தேதி வாட்ஸ்அப்பில் சுற்றும், நம் ஊர்க்காரர்களும் அதே நாளில் பாட்டிலை வெயிலில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஏப்ரலில் சென்னைக்கு நம்மைவிட ஏறக்குறைய ஒரு வாரம் பிந்தி வரும், ஆகஸ்டில் ஒரு வாரம் முந்தி வரும். இந்திய வானியல் சங்கத்தின் தளத்தில் ஊர்வாரியாகவே தேதி பார்க்கலாம். துருவ நட்சத்திரமும் அப்படித்தான். மேலைநாட்டு வான்படங்களில் பாதி வானத்தில் மின்னும். இங்கே அடிவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரம்தான், தென்னந்தோப்பு மறைத்துவிடும். ஸ்டெல்லேரியம் என்கிற இலவச மென்பொருளில் முதல் வேலையாக நம் ஊரைக் குறித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எவ்வளவு பெரிய நிறுவனத்தின் தளமாக இருந்தாலும், அதில் சொன்னதை நம் வெயிலிலும் நம் வயலிலும் ஒரு தடவை பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.

வயல் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. செடிக்குத் தண்ணீர் அதிகமானால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் அழுகிவிடும் என்று எல்லாத் தளமும் சொல்கிறது. இதை அப்படியே சொன்னேன். குறுவை நட்ட வீட்டுப் பிள்ளை கேட்காமல் விடுமா? "எங்க வயல்ல நட்டதுலேர்ந்து தண்ணி நிக்குது சார், அது ஏன் அழுகல?" பதில் அந்தத் தளங்களில் இல்லை, வரப்பில் இருந்தது. நெல் தூரில் ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டைப் பிளேடால் குறுக்கே அறுத்து, மலிவான கைலென்ஸில் பார்த்தோம். பஞ்சு மாதிரி காற்றறைகள். ஏரென்கைமா என்கிற இந்தத் திசுவின் வழியாகத்தான் மேலிருந்து ஆக்ஸிஜன் வேருக்கு இறங்குகிறது. பயிர், பூச்சி, மண் பற்றியெல்லாம் தேடும்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தளத்தைத் தமிழிலேயே படிக்கலாம். அறிவியல் ஆசிரியர்கள் அதை விவசாயிகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குருத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்த, வண்ணத்துப்பூச்சி வீடியோவைவிட அந்தப் பக்கம் எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு, பொருளைத் தேடி அலைவது. கும்பகோணத்தில் வீட்டுக்கல்வி நடத்தும் ஒரு அம்மா, அமில கார சோதனைக்காகச் சிவப்பு முட்டைக்கோஸ் தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறார். வேலியில் சங்குப்பூ பூத்துக் கிடக்கிறது! வெந்நீரில் போட்டால் நீலச் சாறு. எலுமிச்சை பிழிந்தால் ஊதா கலந்த சிவப்பு, தெளிந்த சுண்ணாம்பு நீர் விட்டால் பச்சை. அதுவும் இல்லையென்றால் மஞ்சள் தூள் போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அது காரச் சோதனை அல்லாமல் வேறென்ன? அதிலேயே எலுமிச்சை பிழிந்து மறுபடி மஞ்சளாக்கிக் காட்டினால் பிள்ளைகள் விடமாட்டார்கள். வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்புதானே என்று அலட்சியம் வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து, பெரியவர்தான் கலக்கவேண்டும். தூக்கி எறியும் பொருளில் சோதனை செய்ய அரவிந்த் குப்தாவின் தளத்தைவிட்டு நான் வேறெங்கும் போவதில்லை. தமிழ் வீடியோக்களும் அங்கே உண்டு.

தமிழில் தேடினால் ஒன்றுமே கிடைப்பதில்லை என்பவர்களுக்கு ஒரு விஷயம். நம் பாடநூல் சொல் மட்டும்தான் தமிழ் என்று நினைப்பதே பாதித் தவறு. நாம் ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கைப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. நம் செல் அங்கே கலம், திசு அங்கே இழையம், அழுத்தம் அங்கே அமுக்கம், ஆக்ஸிஜன் அங்கே ஒட்சிசன். தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்தச் சொற்கள் நிறைய வரும். இரண்டு சொல்லிலும் தேடினால் இலங்கைப் பாடநூல்கள் உள்படப் புதிதாக ஓர் அலமாரியே திறக்கும். பிள்ளையிடம் இரண்டு சொல்லையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பரீட்சையில் இழையம் என்று எழுதிவைத்து மதிப்பெண் போய்விடும். ஆங்கிலச் சொல் தெரியாவிட்டால், நம் மாநிலப் பாடநூலின் ஆங்கிலவழிப் பதிப்பை இலவசமாக இறக்கி அதே பாடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரிக்கு வரி கிடைத்துவிடும். தானியங்கி மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரப் பாடத்தில் கரண்ட் வரும் இடமெல்லாம் "தற்போதைய" என்று போட்ட வசனத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சுட்டிகளைச் சேர்த்துக் குவிப்பது எனக்கும் இருந்த வியாதி. "நூறு சிறந்த அறிவியல் தளங்கள்" என்ற பட்டியலைப் பயிற்சி ஒன்றில் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திறந்தால் பல பக்கங்களில் அசைபடம் இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பழைய அசைபடங்களில் பெரும்பகுதி ஃபிளாஷ் என்கிற மென்பொருளில் செய்தவை, அதற்கான ஆதரவை அதன் நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. தளம் கெட்டது என்றோ உங்கள் கணினி கெட்டது என்றோ மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பழைய பட்டியல் என்று தள்ளிவிடுங்கள். பாடநூலில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டை ஒரு தடவைகூட ஸ்கேன் செய்யாமல் வெளியே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு கதை.

நான் உண்மையிலேயே தினமும் பயன்படுத்துவது ஃபெட் (PhET), சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பல செயல்விளக்கங்கள் தமிழிலும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கஜா புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் மின்சாரத்தைப் பார்க்காத ஊர்களில் இருப்பவர்களுக்கு, முன்கூட்டியே இறக்கிவைப்பதன் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை. இங்கே நான் செய்த தவறு, கேள்வி எதுவும் கொடுக்காமல் பிள்ளைகளிடம் விட்டது. மின்சுற்று கட்டும் செயல்விளக்கத்தில் பேட்டரியைக் குறுக்குச்சுற்று ஆக்கினால் திரையில் தீப்பிடிக்கும். ஒருவன் கண்டுபிடித்தான், அவ்வளவுதான், பீரியட் முழுக்கத் தீபாவளி. இப்போதெல்லாம் முதல் பத்து நிமிடம் கொளுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறேன். அப்புறம் ஒரே கேள்வி: இரண்டு பல்பில் ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியவேண்டும், எப்படிக் கட்டுவாய்? மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கல்விக்காரர்கள் தளத்தைத் திறக்கும் முன், பிள்ளை கடைசியில் எந்தப் பரீட்சை எழுதப்போகிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பரீட்சை என்றால் அதன் பாடநூல்களே அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, மற்றதெல்லாம் துணைக்குத்தான். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் கொல்லைப்புறத்துப் பூச்சியைப் படமெடுத்துப் போடும்போது வீடு இருக்கும் இடம் வரைபடத்தில் அப்படியே தெரியும். இடத்தை மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, பிள்ளைகளின் கணக்குகளைப் பெற்றோரே வைத்துக்கொள்வது நல்லது. வடுவூர் ஏரிக்குப் போகும்போது பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியில் இந்தியப் பறவைத் தொகுப்பை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள், அது சொல்லும் பெயரைப் பறவையைப் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள்.

கிரகணத்தன்று தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கை தானாக நிற்கிறது என்ற வீடியோ ஒவ்வொரு தடவையும் வருகிறது. அதை மறுக்கும் கட்டுரையைத் தேடுவதைவிட ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை உலக்கையை நிறுத்திப் பார்ப்பது சுலபம். அடி தட்டையாக இருந்து, கைக்குப் பொறுமையும் இருந்தால் நிற்கும். எங்கள் பள்ளிச் சமையலறை உலக்கை நான்காவது முயற்சியில் நின்றது, சமையல்கார அக்கா கைதட்டினார்.

அந்த ஜூன் மாதக் குச்சியை நாங்கள் விடவில்லை. டிசம்பரில் மறுபடி நட நினைத்தோம், ஐப்பசி கார்த்திகை அடைமழை மார்கழியிலும் முழுதாக விடவில்லை, மூன்று நாள் சூரியனே தலைகாட்டவில்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாள் வெயில் அடித்தது. நிழல் 68 செ.மீ., இந்தத் தடவை வடக்கே. அதே பையன்தான் டேப் பிடித்து அளந்தான். "இப்ப அந்த வீடியோவ போடுங்க சார்" என்றான்.