ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைக்கு மார்க் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவியிலிருந்து ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம். மகாராஷ்டிராவில் 2020-ல் வந்த சட்டப்படி மராத்தியும் கட்டாயப் பாடம். பத்து வயதுக்குள் இத்தனை மொழிகளைச் சுமக்கிற பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியர்களுக்கும், மாலையில் டியூஷன் எடுக்கிற அக்காமார்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் பார்க்கிற தவறு, அறிவியல் தாளையும் ஆங்கிலத் தாளைப் போலவே திருத்துவது. ‘ஈரத்துணி வெயிலில் ஏன் சீக்கிரம் காய்கிறது?’ மூன்று மார்க் கேள்வி. ஒரு பையன் எழுதுகிறான்: ‘சன் ஹாட். வாட்டர் கோ ஏர். கிளாத் ட்ரை.’ எழுத்துப்பிழை வேறு. அவனுக்கு அரை மார்க். பக்கத்துப் பிள்ளை கைடில் இருந்த வரையறையை ஒரு கமா கூட விடாமல் எழுதியிருக்கிறது. அதற்கு மூன்றுக்கு மூன்று. இப்போது இருவரையும் கூப்பிட்டு, ‘அப்போ ஜூலை மழைக்காலத்துல துணி ஏன் காய மாட்டேங்குது?’ என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்த பிள்ளை விழிக்கும். இந்தப் பையன் தமிழில் சொல்வான்: ‘காத்துலயே தண்ணி நெறய இருக்கு டீச்சர், துணியில இருக்குற தண்ணி எங்க போவும்?’ பாடம் புரிந்தவன் யார்? மார்க் யாருக்குப் போனது?

திருத்த உட்காரும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வெப்பம் என்று சொன்னால் ஒன்று, தண்ணீர் ஆவியாகிறது என்றால் ஒன்று, அது காற்றில் கலக்கிறது என்றால் ஒன்று. எந்த இலக்கணத்தில் சொன்னாலும் சரி. ‘எவாப்பரேஷன்’ என்ற சொல்லே தெரிய வேண்டும் என்று நினைத்தால் அதற்குத் தனியாக ஒரு கேள்வி வையுங்கள். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், பிள்ளையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

கணக்கில் தவறு பெரும்பாலும் கேள்வியிலேயே இருக்கிறது. ரவியிடம் 12 கோலி, மீனாவிடம் 7, மீனாவைவிட ரவியிடம் எத்தனை அதிகம்? ஆங்கிலக் கேள்வியில் ‘மோர்’ (அதிகம்) என்பதைப் பார்த்ததும் பிள்ளை கூட்டி 19 என்று எழுதிவிடும். ‘கழித்தல் தெரியவில்லை’ என்று டைரியில் குறிப்புப் போகும். அதே பிள்ளையிடம் 12 − 7 என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். ஐந்து என்று வந்தால், தடுக்கிறது அந்த வாக்கியம். ‘ஹவ் மெனி ஆர் லெஃப்ட்’ (மீதி எத்தனை) என்பதும் அப்படித்தான். ‘லெஃப்ட்’ என்றால் இடது கை என்று மட்டுமே கற்ற பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளங்காது. அமெரிக்காவில் ஜமால் அபேடி என்ற கல்வி ஆய்வாளர் இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்: கணக்கைத் தொடாமல், சுற்றியிருக்கும் ஆங்கிலத்தை மட்டும் எளிமையாக்கினாலே மொழி கற்கிற பிள்ளைகளுக்கு உதவும். நீள வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ‘பெரிமீட்டர்’ போன்ற பாடச் சொற்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அவை பிள்ளை கற்க வேண்டியவை.

அப்புறம், பேச்சை வைத்து ஏமாறுவது. விளையாட்டு நேரத்தில் மளமளவென்று ஆங்கிலம் பேசுகிற பிள்ளை வரலாற்றுத் தாளில் நாலு வரிக்கு மேல் எழுதவில்லை என்றால் ‘சோம்பேறி’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இந்த இரண்டு ஆங்கிலத்தையும் பிரித்துக் காட்டினார். பழகிப் பேசும் மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடத்தைப் படித்து எழுதும் மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். மூன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளை எட்டாவதில்கூட இன்னும் வழியில்தான் இருக்கலாம்.

சரி, கேள்வித்தாளைத் தமிழில் கொடுத்தால் தீர்ந்ததா? மும்பை மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு அது உதவும். கேஜியிலிருந்தே ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை தமிழ் பேசும், ஆனால் அதில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்களுக்குக் கேள்வியை வாயால் தமிழில் சொல்லி, வாயால் பதில் வாங்க வேண்டும். வகுப்பில் இருக்கும் இன்னொரு பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை தன் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

எனக்கு அதிகம் மனம் பதறுவது அடுத்த தவறில்தான். ஆங்கிலம் தடுமாறினால் ‘கற்றல் குறைபாடு’ என்று முத்திரை குத்துவது. தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலிகள் உண்டு. அதனால் பன்றிக்கும் பெரியதுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை (pig, big) பிள்ளை மாற்றி எழுதுவதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று சொல்லிவிட முடியாது. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் அறிவுத்திறன் சோதனை வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டார்கள். அதை எதிர்த்த வழக்கு 1970-ல் முடிந்தபோது, பிள்ளையின் சொந்த மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று உடன்பாடு வந்தது. அதற்காகக் கண்டும் காணாமல் விடுவதும் அநியாயம். கதை சொல்லச் சொன்னால் தமிழிலும் தடுமாறுகிறது, இந்தியிலும் எழுத்து கூட்ட முடியவில்லை என்றால், ‘ஆங்கிலம் வந்தா எல்லாம் சரியாயிடும்’ என்று ஆண்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது. மும்பை சயான் மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கென்றே தனிக் கிளினிக் இருக்கிறது. அங்கே அனுப்பும்போது, வீட்டில் என்ன மொழி, எப்போதிலிருந்து ஆங்கில வழி என்பதையும் குறிப்பில் எழுதிக் கொடுங்கள்.

பாவம் பார்த்து மார்க் போடுவதும் வேண்டாம். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும் மார்க் அடுத்த வகுப்பில் பிள்ளையைத்தான் கீழே தள்ளும்.

சேர்க்கையின்போது பிள்ளையிடமோ அம்மாவிடமோ ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்துவதும் மதிப்பீடுதான், அதுவும் தவறானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இப்படி வடிகட்டுவதைத் தடை செய்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 வரை. ஆனால் இந்தச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியாக, பெற்றோர் கூட்டத்தில் சொல்லப்படும் ஒரு யோசனை: ‘வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்கம்மா.’ அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: ‘இன்னைக்கு சயின்ஸ்ல என்ன படிச்சேன்னு தமிழ்லயே கேளுங்கம்மா. அவன் சொல்றத அடுத்த தடவை வரும்போது எனக்கும் சொல்லுங்க.’ சிவப்பு மை காட்டாத சில விஷயங்கள் அதில் தெரியவரும்.